தொட்டிலுக்குச் செய்த காய்கள்

அவர் எந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதும் 'வரேன்' என்று சொல்லமாட்டார். நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார். பேச்சு முடிந்ததும் காப்பி டம்ளரைச் சுவரோரமாக வைத்துவிட்டு, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து நடந்துவிடுவார். நாம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆள் தெருமுனையில் இருப்பார். எனக்கு முதலில் இது மகா திமிராகப் பட்டது. "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சாவு வீட்டுல வரேன்னு சொல்லக் கூடாது இல்ல, அந்தப் பழக்கம்டி" என்றாள் அம்மா. "அவர் போற வீடெல்லாம் சாவு வீடுதானே. வாய் அப்படியே படிஞ்சு போச்சு."

அவருக்குச் சவப்பெட்டிக் கடை. பெங்களூர் விவேக் நகரில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவில் இருந்தது. வியாழக்கிழமைகளில் நவநாள் பூசைக்காகச் சர்ச்சுக்குப் போகிற கூட்டம் வரிசையாக அந்தப் பக்கமே நடந்து வரும். அவர் கடையை நெருங்கும்போது மட்டும் எதிர்ச்சாரிக்கு மாறும், கடை தாண்டியதும் மறுபடி இந்தப் பக்கம் வரும். யாரும் சொல்லிக்கொடுத்து நடப்பதில்லை. தெருவில் அவருக்குப் 'பெட்டிக்காரர்' என்று பெயர். நான் 'அங்கிள்' என்பேன். உண்மைப் பெயர் எனக்குத் தெரியும். அதை அவர் காதுபடச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அதிகமில்லை. அதனால் இங்கேயும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பலகை அறுத்துப் பெட்டி சேர்ப்பது ஓர் ஆசாரியின் வேலை. இவருடையது அலங்காரம். உள்ளே வெள்ளைத் துணி தைப்பார், வெளியே ஊதாத் துணி இழுத்து ஒட்டுவார், அதன்மேல் ஓரம் முழுக்கத் தகட்டில் அடித்த கொடியும் இலையும் ஓடும். மெல்லிய அலுமினியத் தகட்டை ஓர் ஈயக் கட்டியின்மேல் குப்புறப் போட்டு, பின்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போவார். திருப்பினால் இலை நரம்போடு எழுந்து நிற்கும். கத்தரித்து, தங்கப் பூச்சு பூசி, ஆணியடித்துவிடுவார். மற்றக் கடைகளில் ரோஜா வைப்பார்கள், லில்லி வைப்பார்கள். இவர் வைத்தது பைன் மரத்துக் காய். செதில் செதிலாக, ஒன்றின் தோளில் இன்னொன்று ஏறின மாதிரி, சுற்றிச் சுற்றி மேலே போகிற காய்.

புதிதாகப் பார்ப்பவர்கள் அதை அன்னாசிப்பழம் என்று நினைப்பார்கள். "பொணத்துக்கு எதுக்குப்பா ஜூஸு?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கிண்டல் செய்வார். ஆனால் எங்கள் பகுதி ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவரை அந்தக் காய்களோடு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் 'பெட்டிக் காய்' என்றே பெயர்.

சுத்திச் சத்தம் கேட்டால் போதும், எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாள். "யாருக்கோ தெரியலியே" என்பாள். இது அவருக்கும் தெரியும். அதனால் ஈயக் கட்டிக்கு அடியில் பழைய போர்வையை மடித்து வைத்துத் தட்டுவார். அப்படியும் கேட்கும். எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் அந்தத் தெருவுக்குக் கேட்டுவிடும்.

எங்கள் வீட்டுக்குள் அவர் முதல்முறை வந்தது ஒரு மழையில். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா சர்க்கார் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆகியிருந்தார், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெங்களூரின் சாயங்கால மழை கேட்டுக்கொண்டா வருகிறது? அவர் எங்கள் கேட்டுக்கு மேலிருந்த சின்னக் கூரைக்குக் கீழே பாதி நனைந்து நின்றார். அம்மா பார்த்துவிட்டு, "உள்ள வாங்கண்ணா, ஏன் அங்கயே நிக்கிறீங்க?" என்று கூப்பிட்டாள்.

அவர் அசையவில்லை. பிறகு, "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதம்மா. நீங்க எரிக்கிறவங்கதானே?" என்றார்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன கேள்விண்ணா இது, விளக்கு வைக்கிற நேரத்துல!"

"இல்லம்மா, புதைக்கிறவங்களும் இருக்காங்க. அதான் கேட்டேன்."

"எரிக்கிறதுதான், எரிக்கிறதுதான். போதுமா?" என்றாள் அம்மா எரிச்சலோடு.

அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. "அப்ப சரி, உள்ள வரலாம்" என்று செருப்பைக் கழற்றினார். அவர் பெட்டி ஒருநாளும் வரவேண்டியிராத வீடு அந்தத் தெருவிலேயே எங்களுடையது ஒன்றுதான். அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் காப்பியை வாங்கினார். அப்பாவுக்கு இதில் ஒரே சிரிப்பு. "எந்த வீட்டுக்குப் போனாலும் ஜாதி கேப்பாங்க, இவர் சுடுகாடு கேக்கிறார்" என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு வாரத்தில் ஓரிரு சாயங்காலம் வருவார். ஹாலில் கதவோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தாண்டி உள்ளே வரமாட்டார். ஆனால் கண் வீடு முழுக்க அலையும். எங்கள் ஜன்னல் கிரில்லில் இருந்த கொடியை விரலால் தொட்டுக்கொண்டே போவார். அம்மாவின் புடவை பார்டர், பிஸ்கட் டின் மூடி, எவர்சில்வர் தட்டின் விளிம்பு எதையும் விடமாட்டார். ஒருநாள் அவராகவே சொன்னார்.

"பாத்தியா பாப்பா, உயிரோட இருக்கிறவன் வீட்டுல எல்லாத்துலயும் ஒரு கொடி ஓடுது. கட்டில்ல, கதவுல, தட்டுல. நான் அடிக்கிற கொடி மட்டும் மண்ணுக்குள்ள போயிடுது. ஒரே ஒரு நாள் வெயில் பாக்குது, அவ்ளோதான். எங்கயாவது ஒரு வீட்டுல, மனுஷங்க தெனம் பாக்கிற எடத்துல, நான் அடிச்சது ஒண்ணு இருக்கணும். வேற ஆசை ஒண்ணியும் இல்ல."

இந்த ஆசையில் அவர் ஏற்கெனவே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்காவின் மகளுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்குகிற விழா. வெள்ளை கவுன், மெழுகுவர்த்தி, வாசலில் பந்தல், பிரியாணி என்று தெருவே கலகலத்தது. யாரும் கேட்காமலே அவர் ஒரு வளைவு செய்து விடியற்காலையில் கொண்டுவந்து அவர்கள் கேட்டில் சாத்திவிட்டுப் போயிருந்தார். கோதுமைக் கதிர், திராட்சைக் குலை, இலைகள் எல்லாம் தங்கமாக மின்னின. நடுவில், உச்சியில், ஆசையாக மூன்று காய்கள் வைத்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. ஸ்டெல்லா அக்கா அது யார் வேலை என்று யோசிக்காமல் வாசலில் கட்டிவிட்டாள். முதல் விருந்தாளியாக வந்த அவள் சின்ன மாமியார் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ ஏசுவே, பெட்டிக் காயில்ல இது! பச்சப் புள்ள தலைக்கு மேலயா?" என்று கத்தினாள்.

வளைவைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டார்கள். மத்தியானம் அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு கேக் டப்பாவோடு வந்தார். வாசலைப் பார்த்தார். வெறும் பலூன்கள் இருந்தன. டப்பாவை கேட் சுவர்மேல் வைத்துவிட்டு, வழக்கம்போல ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். ஸ்டெல்லா அக்கா கெட்டவள் இல்லை. "எனக்கு மனசே கேக்கலடி. ஆனா புள்ள விசயம், நான் இன்னா பண்ணட்டும்?" என்று என்னிடமே அழுதிருக்கிறாள். அடுத்த வருஷம் அவள் அப்பா இறந்தபோது, அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பனுக்கு நல்லா பண்ணுங்கண்ணா" என்றாள். அவர் நன்றாகவே பண்ணினார். அந்தப் பெட்டியில் காய்கள் ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு இருந்தன.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன கதையை ஒரு சிரிப்போடு சொல்வார். "இன்னா தொழில்னு கேட்டாங்க. உண்மையச் சொன்னேன். காப்பி வர்றதுக்குள்ள அவங்களே எழுந்து நின்னுட்டாங்க." சொல்லி முடித்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். நாங்களும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டம்ளரைப் பார்ப்போம்.

காய் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவில் தனியாக இருந்த வயதான அம்மாள் ஒருத்திக்குப் பெட்டி கொண்டுபோனாராம். தூக்க ஆள் வருகிறவரை தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது மரத்திலிருந்து ஒன்று அவர் பக்கத்தில் விழுந்ததாம். எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டார். அதைத்தான் கடை வாசலில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். காற்றில் ஈரம் ஏறினால் செதில்களை மூடிக்கொண்டு மொட்டு மாதிரி ஆகிவிடும். வெயில் காய்ந்தால் மெல்ல விரிந்துகொள்ளும். அது மூடினால் வெளியே வைத்த பெட்டிகளை உள்ளே இழுத்துவிடுவார். சில நாள் அந்தக் காயையும் பெங்களூர் வானம் ஏமாற்றிவிடும், அது வேறு விஷயம்.

"மரத்த விட்டு வந்து எத்தினி வருசம் ஆச்சு. செத்த காய்தான். ஆனா மழைன்னா மூடுது, வெயில்னா தொறக்குது பாரு" என்பார். "பூ அப்படி இல்ல. பொசுக்குனு வாடிடும். பெட்டிக்குப் பூவ விட இதுதான் நல்லது."

எனக்குக் கல்யாணமாகி, பொம்மசந்திராவில் வேலை பார்க்கிற என் கணவரோடு அந்தப் பக்கம் குடிபோனேன். முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தபோது அங்கிள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் வயிற்றைப் பார்த்தார், உடனே சுவரைப் பார்த்தார். "தொட்டிலுக்கு எதனா பண்ணித் தரட்டுமா பாப்பா?" என்றார். கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. "வேணாம்னா விட்டுடு."

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். ஒரு கணம்தான். நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "காய் வச்சே பண்ணுங்க அங்கிள். எனக்கு அதுதான் வேணும்" என்றேன். அம்மா என்னை முறைத்தாள். அப்புறம், "பண்ணுங்கண்ணா. ஆனா குழந்தை பொறக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள எதுவும் கொண்டுவரக் கூடாது. அதுவரைக்கும் ஸ்வல்ப நாள் உங்க கடையிலயே இருக்கட்டும்" என்றாள்.

இதற்கு அவர் அலுமினியத்தைத் தொடவில்லை. பித்தளைத் தகடு வாங்கிவந்தார். தங்கப் பூச்சு கிடையாது. "கொழந்தை வாயில வச்சிக்கும்" என்றார். விளிம்புகளை உள்பக்கம் மடித்து, அரம் போட்டு, தன் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். இரண்டு பாதிகளை ஒட்டி முழுக் காயாக்கி, உள்ளே சின்ன மணி போட்டு, காய்களை நூலில் சரமாகக் கோத்தார். அந்த நாட்களில் போர்வையை எடுத்துவிட்டுத் தட்டினார். சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ஸ்டெல்லா அக்கா ஓடிவந்து, "யாருக்கு?" என்றாள். "என் குழந்தைக்கு" என்றேன். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

நாள் ஆவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை. இரண்டு நாள் இருந்தான். நுரையீரல் போதவில்லை, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் என்னையும் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள், அவனையும் கொண்டுவந்தார்கள்.

எங்களில் பெரியவர்களைத்தான் எரிப்பார்கள். பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிப் புதைப்பார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். ஆனால் அந்த மழைநாளில், 'எரிக்கிறதுதான்' என்று அம்மா சொன்னபோது, எங்களில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. வருவதற்கு அப்போது வீட்டில் குழந்தையே இல்லை.

நான் உள்ளறையில் படுத்திருந்தேன். ஜன்னல் வழியாக கேட் தெரியும். அங்கிள் வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அப்பா போய், "எங்க வழக்கத்துல பெட்டி கிடையாதுங்க" என்று சொல்வது கேட்டது.

"தெரியும் சார். சும்னே கொண்டாந்தேன். வெறும் மண்ணுல... மழை வேற பேஞ்சு ஊறிக் கெடக்கு. வேணாம்னா எடுத்துக்கினு போயிடறேன்."

"வாங்கிக்கோங்கப்பா" என்று நான் படுக்கையிலிருந்தே கத்தினேன். என் குரலா அது என்று இருந்தது.

அப்பா அதை உள்ளே கொண்டுவந்து என்னிடம் காட்டினார். இழைத்த வெள்ளைப் பலகை, உள்ளே மெத்தென்ற துணி. வெளியே ஒன்றுமே இல்லை. ஓர் இலை இல்லை, ஒரு கொடி இல்லை, ஒரு காய் இல்லை. அவர் கையிலிருந்து அப்படி மொட்டையாக ஒரு பெட்டி வந்து நான் பார்த்ததில்லை. தொட்டிலுக்கு என்று அடித்ததை அவரால் இதில் வைக்க முடியவில்லை. வேறு புதிதாக அடிக்கவும் கை வரவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் நான் அழவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா பேப்பரைப் போட ஆரம்பித்தார். தெரு என்ன பேசியது என்று நான் எழுதத் தேவையில்லை. ஸ்டெல்லா அக்கா நேராகவே சொன்னாள். "நான் அன்னிக்கே பயந்தேன்டி." அவளோடு பல மாதம் பேசாமல் இருந்தேன். அவள்மேல் கோபம் என்பதைவிட, அதே நினைப்பு அம்மாவின் கண்ணிலும் ஒரு மூலையில் இருந்ததே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உடம்பு தேறியதும் நான் கடைக்கே போனேன். ஈயக் கட்டிக்கு அடியில் போர்வை திரும்ப வந்திருந்தது. முன்னைவிடத் தடியாக மடித்திருந்தார்.

"ஏன் அங்கிள் வர்றதே இல்ல?"

"வேலை ஜாஸ்தி பாப்பா."

"உங்களால ஒண்ணும் ஆகல. டாக்டரே சொன்னாரு. குழந்தைக்கு மூச்சு பத்தல, அவ்ளோதான். நீங்க காரணமில்ல."

அவர் தலையாட்டினார். நம்பித் தலையாட்டவில்லை, நான் ஓயட்டும் என்று ஆட்டினார். சுத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் அன்னிக்குக் கேட்டப்ப முழுசா கேக்கல பாப்பா. கொழந்தைங்கள இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டிருக்கணும். கேட்டிருந்தா உள்ள வந்திருக்கவேமாட்டேன்."

நான் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த குழந்தை பெண். நாள் நிறைந்து, அழுதுகொண்டே பிறந்தாள். அம்மா வீட்டில் தொட்டில் போட்டோம். பேர் வைத்து, வந்த கூட்டமெல்லாம் போன பிறகு, ஒரு காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். "வெயிலா இருக்கு, தலைக்குத் துணி போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

சவப்பெட்டிக் கடைக்குள் கைக்குழந்தையோடு ஒருத்தி நுழைவதைப் பார்த்துக் கோழிக் கடைக்காரர் கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அங்கிள் பதறி எழுந்தார். "வெளிய போ பாப்பா, வெளிய போ. இங்கெல்லாம் கொழந்தைய எடுத்துக்கினு வருவாங்களா?"

"என் தொட்டில் சரம் எங்க அங்கிள்?"

உருக்கிவிட்டாரோ, எறிந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் ஸ்டூல்மேல் ஏறி, பரணில் கையை விட்டு, ஒரு துணிப்பொட்டலம் எடுத்தார். பித்தளை மங்கவே இல்லை. அடிக்கடி துடைத்திருக்கிறார். என் பக்கம் நீட்டினார்.

"எனக்குக் கட்டத் தெரியாது. நீங்களே வந்து கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்து கேட்டில் நின்றார். அம்மா வாசலுக்குப் போனாள். "எத்தனை நாளாச்சுண்ணா. உள்ள வாங்க" என்றாள் அம்மா. இந்த முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த நாற்காலியையும் தாண்டி உள்ளறைவரை வந்தார். தொட்டில் கம்பியில் சரத்தைக் கட்டினார். விட்டதும் காய்கள் ஆடின, மணி கிணுகிணுத்தது. என் மகள் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தாள். அவர் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். விளக்கு வைக்கிற நேரம்வரை அப்படியே உட்கார்ந்து, அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்தார், சட்டையைத் தட்டிக்கொண்டார், நடந்தார்.

"சொல்லிட்டுப் போங்கண்ணா!" என்று அம்மா கூப்பிட்டாள்.

கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். திரும்பினார். உதடு அசைந்த மாதிரிதான் இருந்தது. பிறகு கடை இருக்கிற திசையைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறமும் நூல் இத்துப்போயிருக்கும், முடிச்சு தளர்ந்திருக்கும் என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவார். வந்து பார்ப்பார், சொல்லாமல் போவார். "அடுத்த தடவை சொல்லிடுவாரு பாரு" என்பாள் அம்மா.

ஒரு காலையில் ஆசாரி வந்து கடையைத் திறந்தபோது அவர் ஈயக் கட்டியின்மேல் தலை சாய்த்துக் கிடந்தாராம். தூக்கத்தில் போயிருக்கலாம். ஆனேக்கல்லிலிருந்து அக்கா மகன் ஒருவன் வந்தான். அவனுக்கு அவசரம். வரும் வழியில் வேறெங்கோ ஒரு பெட்டியை வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டே வந்திருந்தான். பளபளவென்று வார்னிஷ், மூலைக்கு ஒரு பிளாஸ்டிக் ரோஜா. கடைக்குள்ளேயே கிடத்தியிருந்தார்கள். அவருக்கு வீடு என்று தனியாக எதுவும் இல்லை, பின்னால் இருந்த ஓர் அறைதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆசாரி, ஜெராக்ஸ் கடைக்காரர், ஸ்டெல்லா அக்கா, அம்மா, நான். வாசலில் அந்தக் காய் நன்றாக விரிந்திருந்தது. நல்ல வெயில்.

ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தாள். அழுதுகொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் வச்சவருக்கு ஒரு காய் இல்லாம போகுதேடி. கடையிலயும் அடிச்சு வச்சது ஒண்ணும் இல்லன்றான் ஆசாரி. உங்க தொட்டில்ல இருக்கிறத எடுத்துக்கினு வாயேன். அவரு கையால பண்ணதுதானே, அவருக்கே கட்டிடலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள்.

"இல்லக்கா" என்றேன். "அது தொட்டிலுக்குச் செஞ்சது."

"ஒரே ஒரு காய்டி."

"ஒண்ணுகூடத் தரமாட்டேன்."

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் வீட்டில் அப்பா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார், காய்கள் அவள் முகத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. நாளைக்கும் ஆடும். அதை நான் மண்ணுக்குள் அனுப்புவதாக இல்லை.

தூக்குகிற நேரம் வந்தது. நான் குனிந்து, அவர் முகத்துக்குக் கிட்டே, "பாப்பா தூங்கறா அங்கிள். எழுந்தா தேடுவா. நான் வரேன்" என்றேன்.

ஸ்டெல்லா அக்கா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். "சாவு வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாதுடி!"

எனக்கும் தெரியும். நிமிர்ந்து, இந்த முறை எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"போய்ட்டு வரேன் அங்கிள்."